திருமணமாகாத பெண்கள் மட்டும்

ஓசூர்
19.6.1988
(ருக்மணி கையில்)

மாமாவுக்கு ராஜாத்தி எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீங்க, எங்கம்மா, மாதேவி மூணு பேரும் எப்படி இருக்கீங்க? இத என்கூட வேல பாக்கற ருக்மணி ஊருக்கு வரும்போது குடுத்தனுப்பறதால மனசுல இருக்கறத எழுதறேன். தபால்ல போட்டா ஹாஸ்டல் வார்டன் அம்மா பிரிச்சிப் படிப்பாங்க. நாங்க எழுதறதையும் ஒட்டாமத்தான் அவங்க கையில குடுக்கணும். காதல் கடுதாசி கீது வந்துடக் கூடாதுன்னு காவலாம். புருசன்கிட்ட இருந்து வந்தா என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. கம்பெனியப் பொறுத்தவரைக்கும் இங்க யாருக்கும் புருசன் இல்ல.

இன்டர்வியூல வீட்ல யார் யாருன்னு கேட்டாங்க. நாம பேசி வெச்ச மாதிரியே அம்மா, தாய்மாமன், தாய்மாமனோட கொழந்தன்னு சொன்னேன். அந்தக் கொழந்தையோட அம்மா எங்க இருக்காங்கன்னு கண்ணாடி போட்ட ஒரு அம்மா கேட்டுட்டாங்க. இந்தக் கேள்விய நாம யோசிக்கவே இல்லியே. பிரசவத்துல தவறிட்டாங்கன்னு வாயில வந்துடுச்சு மாமா. ஐயோ பாவம்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க. என்ன நானே சாவடிச்சிட்டு வேல வாங்கியிருக்கேன்.

காயில்னு கம்பிச் சுருள் சுத்தற வேல. தலமயிர விட மெல்லிசான செம்புக் கம்பி, பூதக் கண்ணாடி வழியாப் பாத்துச் சுத்தணும். கை கொஞ்சம் நடுங்குனா அறுந்துடும். மொத வாரம் எனக்கு மார்ல பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல். பாத்ரூம்ல போயி பீச்சி விட்டுட்டு, மொகத்தக் கழுவிட்டு வந்து ஒக்காந்து சுத்தினேன். எனக்குத்தான் கம்மியா அறுந்துச்சாம், சூப்பர்வைசர் சொன்னாரு. கம்பெனிக்குள்ள செருப்பு போடக் கூடாது. மெட்டி கழட்டுன வெரல்ல வெள்ளையா வளையம் தெரியுது. ருக்மணி பாத்துட்டு, அடிப்பாவி இதுவே உன்னக் காட்டிக் குடுத்துடும்னு அடுப்புக்கரி தேச்சி விட்டா.

ஒரு வருசம் டிரெய்னிங். அதுக்குள்ள கல்யாணம்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க. கன்பர்ம் ஆயிட்டா அப்புறம் கட்டிக்கலாமாம், பெத்துக்கலாமாம், அதுக்கு லீவுகூட உண்டாம். அப்ப நாம கோயில்ல இன்னொரு தடவ மால மாத்திக்கலாம். மாதேவி அவ அப்பா அம்மா கல்யாணத்துல பந்தில ஒக்காந்து சாப்பிடட்டும்.

மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழம பாக்க வரலாம். அப்பா, அண்ணன் தம்பி, தாய்மாமன் மட்டும்தான். நீங்க பொய் சொல்ல வேணாம், நோட்டுல தாய்மாமன்னே எழுதுங்க. எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பிதானே நீங்க.

பாப்பாவுக்கு வேப்பெண்ணெ தடவிப் பால் மறக்க வெச்சேன். என்மேல கோவமா இருக்காளான்னு எழுதுங்க.

உங்க ராஜாத்தி


நாட்றாம்பாளையம்
17.7.1988
(ருக்மணி கையில்)

ராஜாத்திக்கு உன் மாமன் எழுதறது.

இங்க எல்லாரும் சுகம், நீ இல்லாததுதான் ஒரு கொற. உன் ஒடம்பப் பாத்துக்க. காய்ச்சல் வந்தா மறைக்காம மாத்திர வாங்கிப் போடு.

நீ போன புதுசுல மாதேவி கதவப் பாத்துப் பாத்து அழுதா. இப்ப என் தோள்ல சாஞ்சாத்தான் தூக்கம். கேவுருக் கூழக் கரைச்சிக் குடுத்தா மீசை வெச்சிக்கிட்டுக் குடிக்கிறா. பக்கத்து வீட்டு ராமப்பன் பிள்ளைங்ககூடச் சேந்து கன்னடம் வேற கத்துக்கறா. யானைய ஆனேங்கறா. நாய் கொரைச்சாப் போதும், ஆனே ஆனேன்னு ஓடியாந்து என் வேட்டிக்குள்ள பூந்துக்கறா. உன்மேல கோவமெல்லாம் இல்ல. கோவப்படறதுக்கு ஞாபகம் இருக்கணுமே, சின்னக் கொழந்த.

செத்துட்டேன்னு சொன்னியாமே. படிச்சிட்டு கொஞ்ச நேரம் வெளிய போயி நின்னுட்டு வந்தேன். உங்கம்மாகிட்ட சொல்லல, சொன்னா வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டு ஓசூருக்கே வந்துடும். உன் தாலி சாமி படத்துகிட்ட இருக்குது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்ச வெக்குது உங்கம்மா.

நீ கலங்காத. நாம எல்லா வேலையும் யோசிச்சுத்தானே பாத்தோம். கிருஷ்ணகிரி மாங்காக் கம்பெனில சீசன் முடிஞ்சா போம்மான்னுடுவான். நான் கல்லு குவாரிக்குப் போனா முழுசா வருவனான்னு நீதான் விடமாட்டேன்ன. ஊரு பால்வாடில எப்ப ஆள் எடுப்பாங்கன்னு சாமிக்குத்தான் தெரியும். நெலத்த நம்பலாம்னா, வெளைஞ்சது பாதி யானைக்கு, மீதி பன்னிக்கு. மாதேவி இந்தக் காட்டுல கெடக்கக் கூடாது, ஓசூர்ல யூனிபாரம் போட்டு பள்ளிக்கூடம் போவணும்னு நீதான் சொன்ன. ஒரு வருசம் கண்ண மூடித் தொறந்தா போயிடும்.

தலகாணில உன் எண்ண வாசன இன்னும் இருக்குது. மாதேவி அதுலதான் மூஞ்சி வெச்சிப் படுக்கறா. நானுந்தான்.

உன் சென்னகிருஷ்ணன்


ஓசூர்
14.8.1988
(தபாலில்)

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அக்காள் மகள் ராஜாத்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகமாக உள்ளேன். அவ்விடம் தங்களுடைய சுகத்தையும் என் தாயார், குழந்தை ஆகியோரின் சுகத்தையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இங்கு உணவும் தங்கும் இடமும் நன்றாக உள்ளன. எங்கள் வார்டன் அம்மா எல்லோரையும் சொந்தப் பிள்ளைகளைப் போலக் கவனித்துக்கொள்கிறார்கள். தங்கள் குடும்ப நிலைமையைக் கேட்டு மிகவும் வருந்தினார்கள். சிறு வயதிலேயே மனைவியை இழந்தவர், கைக்குழந்தை வேறு உள்ளது, மறுமணம் செய்துகொள்ளலாமே என்றார்கள். சேலத்தில் அவர்களுக்குத் தெரிந்த இடத்தில் நல்ல பெண் இருக்கிறதாம். தங்கள் அபிப்பிராயத்தை எழுதவும். அவசரம் ஒன்றும் இல்லை.

குழந்தையை அதிக வெயிலில் விட வேண்டாம் என்று என் தாயாரிடம் கூறவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள அக்காள் மகள்
ராஜாத்தி


நாட்றாம்பாளையம்
28.8.1988
(தபாலில்)

அன்புள்ள அக்காள் மகள் ராஜாத்திக்கு மாமா எழுதுவது.

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு மாதேஸ்வர சாமியை வேண்டிக்கொள்கிறோம். வார்டன் அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

எனக்கு இனிமேல் கல்யாணம் வேண்டாம். போனவளைப் போல இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். கொஞ்சம் வாய் அதிகம். கோபம் வந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். ஆனாலும் அவளைத் தவிர வேறு யாரையும் நினைக்க எனக்கு வரவில்லை. இதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

நானும் அந்தப் பக்கம் வேலை பார்க்கலாம் என்று ஓசூர் வந்து அண்ணாதுரை கான்டிராக்டரிடம் கேட்டேன். சிப்காட்டில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். கேட்டிலேயே படுக்கை. குழந்தையை எங்கே வைப்பது என்றேன். குழந்தை இருக்கிறவனுக்கு இந்த வேலை ஆகாது என்றார். வந்துவிட்டேன்.

வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு பார்க்க வருகிறேன். குழந்தையையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
தாய்மாமன் சென்னகிருஷ்ணன்


ஓசூர்
23.10.1988
(ருக்மணி கையில்)

மாமா,

ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இத்தன நாள் எழுதாததுக்குக் கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் தபால்ல எழுத ஒக்காந்தா கை வரல. மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்குன்னு எழுதிட்டு அப்படியே ஒக்காந்திருப்பேன்.

அன்னிக்கு பாப்பா என்னத் தெரியாத மாதிரி உங்க தோள்ல மூஞ்சியப் பொதச்சிக்கிட்டா. அதுவே நல்லதுன்னு நெனச்சேன். நான் பேச ஆரம்பிச்சதும் மெதுவாத் திரும்பிப் பாத்தா. நீங்களும் பாத்தீங்க. எறங்கி நடந்து வந்து என் மடியில ஏறுனா. எதுத்தாப்புல வார்டன் அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. மாதேவி நேரா என் தாவணிக்குள்ள கைய விட்டா. அப்பவே மூணு மாசமாச்சு மாமா பால் மறந்து, எப்படித் தெரிஞ்சிது அவளுக்கு?

நான் அந்தக் கைய எடுத்து வெளிய விட்டேன். மறுபடியும் விட்டா. மறுபடியும் எடுத்தேன். வார்டன் அம்மா சிரிச்சிக்கிட்டே, தாயில்லாப் புள்ள இல்ல, யாரப் பாத்தாலும் தேடுதுன்னாங்க. நான், அக்காடி பாப்பா, அக்கா சொல்லு, அக்கான்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். நீங்க சன்னலப் பாத்துக்கிட்டிருந்தீங்க. போகும்போது அக்கா டாட்டான்னுட்டுப் போனா. அவ்வளவு சீக்கிரம் கத்துக்குவான்னு நான் நெனைக்கல.

இனிமே அவளக் கூட்டிக்கிட்டு வராதீங்க. நீங்களும் கொஞ்ச நாள் வராதீங்க. இன்னொரு தடவ அவ மடியில ஏறுனா நான் எல்லாத்தையும் ஒளறிடுவேன்.

இன்னொண்ணு. ருக்மணிக்கு ராயக்கோட்டைல மாப்பிள்ள முடிவாயிடுச்சு. இந்த மாசத்தோட நின்னுடறா. நிக்கறா என்ன, கல்யாணம்னு சொன்னதும் கணக்க முடிச்சிட்டாங்க. டிரெய்னிங்ல அவளும் என் கூடத்தான் இருந்தா. இனிமே நமக்குக் கையில குடுத்தனுப்ப ஆள் கெடையாது. தபால் மட்டும்தான். அதனால இப்பவே சொல்லிடறேன், தபால்ல நான் எப்படி எழுதுனாலும் அது நான் இல்ல.

பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கி அனுப்பியிருக்கேன். பெருசாத்தான் இருக்கும், வளரட்டும்.

உங்க ராஜாத்தி


நாட்றாம்பாளையம்
11.12.1988
(தபாலில்)

அன்புள்ள ராஜாத்திக்கு மாமா ஆசீர்வாதம்.

இங்கே நல்ல பனி. உன் அம்மாவுக்கு இருமல், மற்றபடி சுகம். நீ பனிக்குத் தலையை மூடிக்கொண்டு கம்பெனிக்குப் போகவும். கேழ்வரகு அறுவடை. யானை இறங்குவதால் பரண் காவலை விட்டு எங்கும் அசைய முடியவில்லை.

ஒரு விஷயம். நம் ஊர் பால்வாடிக்கு டீச்சர் எடுக்கிறார்கள். நம் தெரு நாராயணம்மா சொன்னாள். பத்தாவது பாஸ் செய்து, கல்யாணம் ஆகி, இதே ஊரில் குடியிருக்கிற பெண்ணாக வேண்டுமாம். சம்பளம் உன் கம்பெனியில் பாதிகூட வராது. ஆனால் வீட்டில் இருந்தபடி போய் வரலாம். பெற்ற பிள்ளையையும் கூடவே கூட்டிப் போய் உட்கார வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குள் மனு கொடுக்க வேண்டும். உனக்குத் தெரிந்து அப்படி ஒரு பெண் இருந்து, அவளுக்கு விருப்பம் இருந்தால் எழுதவும்.

மாதேவிக்குக் கவுன் பெரிதுதான். கழற்ற மாட்டேன் என்கிறாள். யார் கொடுத்தது என்று கேட்டால் அக்கா என்கிறாள்.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்


ஓசூர்
20.12.1988
(தபாலில்)

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

ராஜாத்தியின் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமலுக்குத் துளசிக் கஷாயம் கொடுக்கவும். தாங்கள் பரணில் இருக்கும்போது கவனமாக இருக்கவும்.

தாங்கள் எழுதியது போல எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். பத்தாவது பாஸ். ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறாள், இன்னும் ஆறு மாதத்தில் நிரந்தரம் ஆகிவிடும். அதை விட்டுவிட்டு வந்தால் அவள் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று யோசிக்கிறாள். குழந்தையை ஓசூரில் படிக்க வைப்பது என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்களாம். அவர் வரச் சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதவும்.

இங்ஙனம்,
ராஜாத்தி


நாட்றாம்பாளையம்
2.1.1989
(தபாலில்)

அன்புள்ள ராஜாத்திக்கு மாமா எழுதுவது.

எல்லோரும் சுகம். புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

நீ சொன்ன பெண்ணின் வீட்டுக்காரரை விசாரித்தேன். அவளுடைய விருப்பம்தான் அவனுக்கும் விருப்பமாம். தானாகக் கூப்பிட்டு, அவள் கஷ்டப்பட்டுப் பிடித்த வேலை போய்விட்டால், பின்னாளில் உன்னால்தான் கெட்டேன் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று பயப்படுகிறான். அவளே யோசித்து முடிவு செய்யட்டும் என்கிறான். பத்தாவது வரைக்கும் படித்தவள் அவள்தானே.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது நாராயணம்மா வந்தாள். அவள் மருமகள் பால்வாடிக்கு மனு கொடுத்துவிட்டாளாம்.


நாட்றாம்பாளையம்
8.3.1989
(தபாலில்)

அன்புள்ள ராஜாத்திக்கு,

நீ நலம்தானே. உன் பொங்கல் கடிதமும், பரீட்சை வருகிறது என்று எழுதிய கடிதமும் கிடைத்தன. நன்றாகச் செய்.

மாதேவிக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. அஞ்செட்டியில் ஊசி போட்டார்கள், இறங்கிற்று, மறுபடி ஏறிற்று. நேற்று முதல் கண் திறக்காமல் கிடக்கிறாள். கூப்பிட்டால் ஊம் என்கிறாள். நாளைக்கு தேன்கனிக்கோட்டைக்குத் தூக்கிப் போகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

மாமா


ஓசூர்
13.3.1989
(தபாலில்)

மாமா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? கண் திறந்தாளா? என்ன காய்ச்சல் என்று சொன்னார்கள்? உடனே எழுதவும்.

நான் லீவு கேட்டேன். தாய் தகப்பன், உடன்பிறந்தவர்கள் என்றால்தான் லீவாம், தாய்மாமன் குழந்தைக்கு எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசரும் நல்லவிதமாகத்தான் சொன்னார். இந்த வாரம் கடைசிப் பரீட்சை, சொல்லாமல் போனால் பெயரை எடுத்துவிடுவார்களாம். நான் வார்டன் அம்மாவிடமும் அழுது கேட்டேன். மாமா குழந்தைக்கு இப்படி அழுகிறாயே, உனக்கு இளகின மனசு என்கிறார்கள்.

மாமா, இந்த முறை உன் விருப்பம் என்று எழுத வேண்டாம். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். பெயரை எடுத்தால் எடுக்கட்டும்.

அவள் தூங்கும்போது காதைத் தடவிக்கொடுத்தால் அழுகை நிற்கும். அம்மாவிடம் சொல்லவும்.

ராஜாத்தி


நாட்றாம்பாளையம்
17.3.1989
(தபாலில்)

ராஜாத்திக்கு,

மாதேவி போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அவர்களும் செய்வதைச் செய்தார்கள்.

தேன்கனிக்கோட்டையில் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். ஓசூரில் பஸ் மாறினோம். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உன் ஹாஸ்டல் தெரு முனை வரைக்கும் வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பார்க்க வருகிற நாள் இல்லை. திரும்பிப் போய் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கண் திறந்தாள். நர்ஸ் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அக்கா என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

உன் கடிதம் வீட்டில் கிடந்தது. நேற்றுதான் பார்த்தேன். நம் நிலத்திலேயே புங்க மரத்துக்கிட்டே வைத்திருக்கிறோம். அந்தக் கவுனோடுதான் வைத்தோம். இப்போது அளவு கொஞ்சம் சரியாக இருந்தது.

தந்தி அடிக்க அஞ்செட்டி போய், அடிக்காமல் வந்துவிட்டேன். நீ வர வேண்டாம். வந்தால் ஏன் என்று கேட்பார்கள். இவ்வளவு பட்டதற்கு வேலையாவது மிஞ்சட்டும்.

சென்னகிருஷ்ணன்


ஓசூர்
26.3.1989
(தபாலில்)

என் புருசன் சென்னகிருஷ்ணனுக்கு உங்க பொண்டாட்டி ராஜாத்தி எழுதறது.

கடுதாசிக்குள்ள உங்க பேர நான் எழுதறது இதுதான் மொத தடவ. நான் நல்லா இல்ல. நீங்களும் நல்லா இருக்க மாட்டீங்க. அதனால சுகம் கேட்டு எழுதல.

உங்க கடுதாசி வியாழக்கெழம வந்துச்சு. என் கைக்கு வர்றதுக்கு முந்தியே வார்டன் அம்மா படிச்சிட்டாங்க. காலைல டிபனுக்கு வரிசைல நிக்கறேன், கையில தட்டு. பக்கத்துல வந்து தோள்ல கை வெச்சி, உங்க மாமா கொழந்த தவறிடுச்சாமேம்மான்னு சொன்னாங்க. அழுவாத, தாயில்லாப் புள்ள, தாய்கிட்டயே போய்ச் சேந்துடுச்சுன்னு நெனச்சிக்கன்னாங்க. ஆமாங்க மேடம்னு சொன்னேன். அப்படித்தான் மாமா சொன்னேன். தட்டுல இட்லி வெச்சாங்க. சாப்பிட்டேன்.

கம்பெனி பஸ் வந்துச்சு, ஏறுனேன். நாள் பூரா காயில் சுத்துனேன். அன்னிக்கு ஒரு கம்பிகூட அறுந்து போகல. பெத்த கொழந்த மண்ணுக்குள்ள இருக்குது, என் கை நடுங்கல. சூப்பர்வைசர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டி, பாருங்க, ராஜாத்தி வேலையப் பாருங்கன்னாரு. பரீட்சையிலயும் நான்தான் மொத. ஜூன்ல கன்பர்ம் பண்ணிடுவாங்களாம். யாருக்கு மாமா இந்த வேல? யூனிபாரம் போட்டுக்க யாரு இருக்கா நம்ம வீட்ல?

பால்வாடி பத்தி நீங்க எழுதுன ரெண்டு கடுதாசியையும் எடுத்து வெச்சிப் படிச்சேன். உனக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு நீங்க எழுதுனீங்க, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு நான் எழுதுனேன். ரெண்டு பேருமா சேந்து யாரோ ஒருத்தியப் பத்திப் பேசி, அவள வர வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். வாடின்னு நீங்க எழுதியிருக்கலாம். வரேன்னு நான் எழுதியிருக்கலாம். மிஞ்சிப்போனா வேல போயிருக்கும். உங்களக் கொற சொல்லல மாமா. சொன்னா என்னையுஞ் சேத்துத்தான் சொல்லணும். ஆனா மனசு ஆறல. பாப்பா அந்தத் தெரு முனை வரைக்கும் வந்திருக்கா. எனக்கு அன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட். உள்ள ஒக்காந்து துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன்.

அக்கான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நர்ஸம்மாவ அக்கான்னு கூப்பிடல மாமா அவ. என்னத்தான் கூப்பிட்டிருக்கா. அம்மாங்கற வார்த்தய அவகிட்ட இருந்து புடுங்கி வெச்சிக்கிட்டவ நான்தானே.

நான் வரேன். இந்த வாரத்துக்குள்ள கணக்க முடிச்சிடுவாங்க, வர்ற ஞாயித்துக்கெழம அஞ்செட்டி பஸ்ஸுக்கு வந்து நில்லுங்க. சாமி படத்துகிட்ட இருக்கற தாலிய எடுத்துக்கிட்டு வாங்க, ஊருக்குள்ள போறதுக்கு முந்தி பஸ் ஸ்டாண்ட்லயே கட்டுங்க. மெட்டியும் எடுத்துக்கிட்டு வாங்க. வெரல்ல வெள்ள வளையம் மறைஞ்சே போச்சு. மொதல்ல புங்க மரத்துக்குப் போலாம், வீட்டுக்கு அப்புறம். ரெண்டு பேரும் என்ன வேல பாக்கறது, எங்க போறதுன்னு அப்புறமா யோசிக்கலாம்.

வார்டன் அம்மா, இத நான் ஒட்டாமத்தான் குடுத்திருக்கேன். நீங்க படிப்பீங்க. எனக்காக வருத்தப்பட்டீங்க, அது எனக்கு மறக்காது. ஆனா நீங்க சொன்னது சரியில்லீங்க. அவ தாயில்லாப் புள்ள இல்ல. தாய்கிட்டயும் போய்ச் சேரல. தாய் இங்கதான் இருந்தேன், உங்க ஹாஸ்டல்ல, வரிசைல தட்டு வெச்சிக்கிட்டு. இதப் படிச்சி முடிச்சதும் தயவுசெஞ்சி ஒட்டிப் பொட்டியில போட்டுடுங்க.

இப்படிக்கு,
மாதேவியோட அம்மா
ராஜாத்தி